விளக்கை முதலில் அணைப்பவர்

காலை 6.17. முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. என் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கின் பொத்தானை அது அழுத்தி அணைத்தது. அதற்குப் பிறகுதான் கைக்கு உரியவரைப் பார்த்தேன். நீலக் கோட்டு, ஆரஞ்சு நிறத் தொப்பி, நாற்பதை எட்டாத முகம்.

"எங்க விட்ட?" என்றார்.

மூன்றாவது கிளிப்பைக் காட்டினேன்.

"சரி, போய்ட்டு வா பாப்பா. நான் நிக்கிறேன்."

ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கான வயர்க்கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் அது என் முதல் நாள். பயத்தில் ஷிப்டு தொடங்கிய கால் மணி நேரத்திலேயே கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் லைனில் இருபத்தெட்டு இடங்கள், இருபத்தெட்டு பெண்கள். சங்கிலியில் பலகைகள் நகர்ந்து வரும். ஒரு பலகை நம்மைக் கடப்பதற்குள் வயரை வைத்து, டேப் சுற்றி, கிளிப் மாட்டியாக வேண்டும். யாராவது இடத்தை விட்டு நகர்ந்தால் பலகை பாதி வேலையோடு அடுத்தவளிடம் போய்த் தேங்கும். சிவப்பு விளக்கு எரியும். லைன் நிற்கும்.

அதனால்தான் மஞ்சள் விளக்கு. வெளியே போக வேண்டியவள் அதைப் போட்டால் ரிலீவர் வருவார். எல்லா இடத்து வேலையும் தெரிந்தவர், தனக்கென்று ஓர் இடம் இல்லாதவர் ரிலீவர். இருபத்தெட்டு இடங்களுக்கும் இருபத்தெட்டு விளக்குகள் இருந்தன. ரிலீவருக்கு விளக்கு இல்லை.

அவருக்குப் பெயர் இருந்தது. அடையாள அட்டை எப்போதும் கோட்டுப் பைக்குள் கிடக்கும். எல்லோருக்கும் அவர் ரிலீவரக்கா. பின்னொரு நாள் மருத்துவமனையில் காத்திருந்தபோது நர்ஸ் அவருடைய பெயரை மூன்று முறை கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. நான்தான் தோளைத் தொட்டேன்.

வந்ததும் முதலில் விளக்கை அணைப்பது, பிறகுதான் பலகையில் கை வைப்பது. அந்த வரிசையை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. ரிலீவர் வேலை பழக வந்த ஒருத்தி ஒருமுறை அணைக்க மறந்தாள். விளக்கைப் பார்த்து சூப்பர்வைசர் வந்தார், மெயின்டனன்ஸ்காரர் வந்தார், அடுத்த லைன் ரிலீவரும் வந்தார். ஒரே பலகை முன்னால் நான்கு பேர். கைகள் மோதி வயர் பிய்ந்து, லைன் பதினோரு நிமிடம் நின்றது.

"உதவிக்கு வர்றது பெருசில்ல," என்று அந்தப் பெண்ணிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். "வந்துட்டேன்னு சொல்லணும். இல்லன்னா வந்துக்கிட்டேதான் இருப்பாங்க."

லைனுக்கு வெளியிலும் அப்படித்தான். கேன்டீன் வாசலில் எரியும் குழல் விளக்கு, யாரோ அணைக்க மறந்த கைப்பேசி டார்ச், நாங்கள் இருவரும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்த லைன் வீட்டின் படிக்கட்டு பல்பு. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் அணைப்பார்.

இருபத்தெட்டு பேரின் மாதவிலக்குத் தேதியும் அவருக்குத் தெரியும். எங்கும் எழுதி வைத்ததில்லை. தேதி நெருங்கியவளுக்குப் பக்கத்தில் அன்று காலையிலிருந்தே சும்மா நின்றுகொண்டிருப்பார். ஒரு சனிக்கிழமை, ஷிப்டு முடிந்து கோட்டைக் கழற்றும்போது என்னிடம் சொன்னார்:

"நாளைக்கு கெலவரப்பள்ளி டேமுக்குப் போலாம்னு குதிக்கிறியே, துணி எடுத்துக்க. உனக்குப் பதினெட்டாந் தேதி."

"அதெல்லாம் இன்னும் ரெண்டு நாளு இருக்குதுக்கா."

"உன் கணக்குல ரெண்டு நாளு."

அணைக்கரையில் மீன் வறுவல் வாங்கித் தாளைப் பிரிக்கும்போது எனக்கு வந்துவிட்டது. அவர் சிரித்தார். மதகுக்குக் கீழே தண்ணீர் விழுந்த இடத்தில் நுரை கட்டி ஆள் உயரத்துக்கு நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மீனைத் தொடவில்லை. திரும்பும்போது பேருந்தில் முன் இருக்கையின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி வந்தார். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. அவருடைய தேதி எது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றியது.

வலி உள்ள நாளில் அவர் வேகமாக இருப்பார். நல்ல மனநிலை என்று நினைத்துக்கொள்வோம். பிறகு சில அடையாளங்கள் பிடிபட்டன. இடது காலில் மட்டும் நிற்பார். கேன்டீனில் வெந்நீர் பிடித்த பாட்டில் ஒன்று கோட்டுக்குள், அடிவயிற்றில் இருக்கும். முதலுதவி அறையில் கொடுக்கும் வலி மாத்திரையை ஒன்றுக்குப் பதில் இரண்டாக வாங்கி, இரண்டாவதைத் தொப்பியின் மடிப்பில் வைத்திருப்பார். ஆரம்பத்தில் மாதத்தில் மூன்று நாள். நான் சேர்ந்த பிறகு பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆனது. மலம் கழிக்கும்போதும் வலி என்று ஒருமுறை சொன்னார், வானிலை சொல்வது போல.

பாரூர் பக்கம் ஒரு கரும்புத் தோட்டக்காரர் வீட்டில் நான்கு வருடம் மருமகளாக இருந்தவர். பிள்ளை இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். "அங்க வயித்து வலின்னு படுத்தா, கரும்பு வெட்டுற நாளாப் பார்த்து நடிக்கிறான்னு சொல்லுவாங்க. இங்க யாரும் அப்படிச் சொல்றதில்ல. நான் படுக்கறதே இல்லையே."

நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருடம் ஒரு கிளினிக்கில் ரத்தம் பார்த்திருக்கிறார்கள். உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று காட்டும் எண் அதிகமாக இருந்தது. எங்கே, எதனால் என்று அந்த எண் சொல்லாது. பிள்ளை இல்லை, வயிற்று வலி, இளைத்த உடம்பு. காசநோயாக இருக்கலாம் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும்.

"தொப்பி கலர்லயே போச்சு பாப்பா. கம்பெனி உடம்புக்குள்ள வரைக்கும் பூந்துருச்சுன்னு நெனச்சேன்."

ஆறு மாதம் முடிந்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். எண் இறங்கவில்லை. வலியும் இறங்கவில்லை.

தொழிலாளர் காப்பீட்டு அட்டையில் ஒரு பெண் மருத்துவரைப் பார்க்க ஏற்பாடானது. நான் துணைக்குப் போனேன். ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி மருத்துவர் பேசினார். எல்லையோரத்துக்காரர். தமிழும் கன்னடமுமாகப் பேசினார்.

"கருப்பைக்கு உள்ள பூச்சு மாதிரி ஒரு சதை இருக்கும்மா. அதே மாதிரி சதை உங்களுக்கு வெளிய, சினைப்பை மேல, குடல் பக்கத்துல ஒட்டி வளருது. எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு. மாசாமாசம் அதுவும் வீங்கும், கசியும். உடம்பு சும்மா விடாது. காவலுக்கு இருக்கற வெள்ளணுக்கள அங்க அனுப்பும். அதுங்க வந்து சுத்தம் பண்ணிட்டுப் போகணும்."

"போகலையா?"

"போகல. சுத்தமும் பண்ணல. அங்கயே இருந்துட்டு, இன்னும் ஆள் வேணும், இன்னும் ஆள் வேணும்னு சிக்னல் விட்டுட்டே இருக்கு. ரத்தத்துல ஏறின எண்ணுக்கும் அதான் காரணமா இருக்கும். அந்த சிக்னல்ல வீக்கம் வருது, புது ரத்தக்குழாய் வருது, புதுசா நரம்பு கூட வருது. அதான் இவ்ளோ வலி. ஒட்டுன சதைக்கு அதுவே தீனி ஆயிடுது."

ரிலீவரக்கா படத்தைப் பார்த்தார்.

"வந்தவ லைட்ட அணைக்கல," என்றார்.

"ஏனு? என்ன லைட்?"

விளக்கிச் சொன்னார். பலகை, மஞ்சள் விளக்கு, நான்கு பேர் கூடி லைன் நின்றது எல்லாம். மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதும் கேட்டபின் சொன்னார்.

"கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா உங்க லைன்ல ஏன் அணைக்கலன்னு அந்தப் பொண்ணக் கேக்கலாம். இங்க ஏன்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது."

ஆபரேஷனில் ஒட்டியதை எடுக்கலாம், அடக்கி வைக்கப் பிறகு நீண்ட நாள் மாத்திரை சாப்பிட வேண்டும், நிறுத்தினால் திரும்ப வரலாம் என்றார். எல்லாம் அட்டையில் கிடைக்கும். அட்டை வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் சில மாதத்தில் அட்டையும் போகும். ரிலீவரக்கா ஒப்பந்தத் தொழிலாளி. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். ஆபரேஷனுக்கும் ஓய்வுக்கும் குறைந்தது ஒன்பது வேலை நாட்கள் விடுப்பு வேண்டும்.

விடுப்புக் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் சேலத்துக்காரர், கெட்டவர் அல்ல. கடிதத்தை மடித்து மடித்து சின்னதாக்கினார்.

"ஏம்மா, ஒம்போது நாளு ரிலீவர் இல்லாம எப்படி ஓட்டறது? பக்கத்து லைன்ல கேட்டா ஆள் தர மாட்டாங்க."

"பாத்துக்குவாங்க சார்."

"யாரு பாத்துக்குவா? உன்னால லைன் நின்னுச்சுன்னு மேல போச்சுன்னு வையி, வர்ற மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட முடியாது. அவ்ளோதான் சொல்லுவேன். நிக்கக் கூடாது. நிக்கலன்னா நீ தாராளமா வந்து சேரு."

அன்று சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அத்திப்பள்ளியிலிருந்து எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவள்தான் முதலில் பேசினாள். "ஹோகு அக்கா, நாவு நோட்கோத்தீவி." போ, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். ஏழாம் இடத்தில் நிற்கும் முஸ்லிம் பெண் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "நோன்புல பதினாலு மணி நேரம் தண்ணி இல்லாம நிக்கறவ நானு. இவளுங்களுக்கு நான் டிரெய்னிங் குடுக்கறேன். நீ போய்ட்டு வாக்கா."

"நிக்கிறோம், நிக்கிறோம்," என்றார்கள் மற்றவர்கள்.

"அடிப்பாவிங்களா, என் டயலாக்கையே எனக்கு சொல்றீங்களா?" என்றார்.

ஒன்பது நாட்கள். யாரும் மஞ்சள் விளக்கைப் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். போட்டால் வர ஆள் இல்லை. ஆள் வராத விளக்கு எரிந்தால் சூப்பர்வைசர் கவனிப்பார், எழுதப்படும், மேலே போகும். காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். டீ நேரத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் மட்டும் ஓடினோம். முடியாதவள் பக்கத்தில் நிற்பவளின் கோட்டை இழுப்பாள். அவள் ஓட, இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் அவளுடைய பலகையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஐந்தாம் நாள் ஒருத்திக்குத் துணியில் கறை பட்டது. கோட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஷிப்டு முடியும்வரை நின்றாள். ஏழாம் நாள் இரண்டு பேருக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும். அவர்களும் வந்தார்கள். லைன் ஒருமுறைகூட நிற்கவில்லை.

லைனின் தலைப்பில் ஒரு வெள்ளை போர்டு இருந்தது. மணிக்கு ஒரு வரிசை. செய்த எண்ணிக்கை, குறை, சிவப்பு, மஞ்சள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அதை எழுதும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். வழக்கமான நாளில் மஞ்சள் பத்தியில் மணிக்கு நான்கு, ஐந்து இருக்கும். ஷிப்டு முடிந்ததும் போர்டில் உள்ளதைக் கார்பன் வைத்துத் தாளில் எழுதி மேலே அனுப்ப வேண்டும். போர்டுக்கு மேல் சுவரில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது: குறை பூஜ்யம், விபத்து பூஜ்யம், தாமதம் பூஜ்யம். அந்தக் கட்டடத்தில் பூஜ்யத்தைவிட நல்ல எண் கிடையாது என்று பழகியிருந்தோம்.

பத்தாம் நாள் அவர் வந்தார். வயிற்றில் மூன்று சின்னத் தையல்கள். நடை மெதுவாக இருந்தது. இரண்டு காலிலும் நின்றார். கழிப்பறை வாசலில் நடந்ததைச் சொன்னோம்.

"ஒருத்தியுமா லைட்டு போடல? ஒம்போது நாளும் அடக்கிக்கிட்டா இருந்தீங்க?" சிரித்தவர் தையலைக் கையால் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வெக்காதீங்கடி, பிரிஞ்சுரும்."

பிறகு அந்த இரண்டு பேருக்கும் காய்ச்சல் என்று கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார். அன்று முதல் வேலையாக அவர்கள் பக்கத்தில் போய் நின்றார்.

மாதக் கூட்டம் கேன்டீனில் நடந்தது. மேலேயிருந்து ஒருவர் வந்தார். மரியாதையாகப் பேசினார். "இந்த லைன் ஒன்பது நாள் ரிலீவர் இல்லாமலே ஓடியிருக்கு. சிவப்பு இல்ல. ஒரு மஞ்சள்கூட இல்ல. உற்பத்தி குறையல. மத்த லைன் எல்லாம் இவங்ககிட்ட கத்துக்கணும்." கை தட்டச் சொன்னார். தட்டினோம். என் பக்கத்தில் நின்று ரிலீவரக்காவும் தட்டினார். ஆளுக்கொரு இனிப்புப் பொட்டலம் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் எங்கள் லைனில் ரிலீவர் இடம் எடுக்கப்பட்டது. அவருடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. அவருக்கு எல்லா இடத்து வேலையும் தெரியும். இருபத்தெட்டு இடத்திலும் ஆள் இருந்தது.

ஆறு பேர் சூப்பர்வைசரிடம் போனோம். "நாங்கதான் சார் வேணும்னே போடல," என்றாள் ஏழாம் இடத்துக்காரி.

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா?" அவர் எங்களைப் பார்க்கவில்லை. "லைன் நிக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். லைட்டே போடாதீங்கன்னா சொன்னேன்? இப்ப பேப்பர்ல இருக்கு. பொய்யின்னு சொல்லவும் முடியாது. நெசமாவே போடலைல்ல?"

போடவில்லை.

ரிலீவரக்கா அறையைக் காலி செய்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் போயிருந்தோம். ஒரு பெட்டி, ஒரு ஸ்டவ், பாய், தலையணை. ஏழாம் இடத்துக்காரி அழுதாள். அவர் அவளைக் கடிந்துகொண்டார். "எதுக்கு இப்ப? என் தப்புடி. போறப்பவே சொல்லிட்டுப் போயிருக்கணும், ஆள் வராட்டியும் தெனம் பத்து லைட்டாவது போட்டு நீங்களே அணைச்சு வையுங்கன்னு. எனக்கே தோணலையே." ஆட்டோவில் ஏறுவதற்கு முன் திரும்பிப் போய்ப் படிக்கட்டு பல்பை அணைத்துவிட்டு வந்தார்.

சில மாதங்களில் நானும் வேலையிலிருந்து நின்றுவிட்டு ஒரு செய்தித்தாளில் சேர்ந்தேன். மூன்று வருடம் கழித்து, ஒரு காலை வேளையில், உத்தனப்பள்ளியில் சாலையோரமாக ஸ்கூட்டரை நிறுத்திக் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு கை வந்து இண்டிகேட்டரை அணைத்தது.

"எரிஞ்சுக்கிட்டே கெடக்குது பாரு."

பக்கத்தில் தக்காளி தரம் பிரிக்கும் கொட்டகை. முந்தானையில் கை துடைத்தபடி நின்றார். இளைத்திருந்தார். இடது காலில் நின்றுகொண்டிருந்தார்.

"மாத்திரை சாப்பிடறீங்களாக்கா?"

"அட்டை இருந்த வரைக்கும் சாப்ட்டேன். அப்புறம் டவுனுக்குப் போய் வரிசைல நின்னு வாங்கணும். அன்னிக்கி கூலி போயிரும். விட்டுட்டேன்."

"வலி?"

"வந்துருச்சு." கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். "இங்க பரவால்ல. ஒக்காந்து செய்யற வேல." பிறகு கேட்டார்: "உனக்கு இன்னும் பதினெட்டாந் தேதிதானா?"

"மாறிடுச்சுக்கா."

"என்னிக்கி?"

சொன்னேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து யாரோ தெலுங்கில் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

அந்த ஒன்பது நாட்களின் கார்பன் நகல்கள் என்னிடம் இருக்கின்றன. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மொத்தம் எழுபத்திரண்டு கட்டங்கள். மஞ்சள் பத்தியில் எழுபத்திரண்டிலும் பூஜ்யம். கையெழுத்து என்னுடையது.